இரண்டு மிதி

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மிஷினுக்கு
பதினெட்டு வருஷமாய் நான்தான் ஆள்.
பாளமாய் உள்ளே போகும், தூளாய் வெளியே வரும்.
நடுவில் என் காதும் கொஞ்சம் கொஞ்சமாய்
அதற்குள் போனது.

மீன்கூடை அடுக்குக்குப் பின்னால்
ஒரு முன்னங்காலைத் தூக்கிப் பிடித்தபடி
நின்றிருந்தாள்.
காதோரம் மிளகு கொட்டினாற்போல் உண்ணி.
அறுந்த வலையின் நைலான்
கணுக்காலைச் சுற்றிச் சதைக்குள் இறங்கியிருந்தது.

தேசப்பன் பிடித்துக்கொள்ள, கத்தியால் நான் அறுத்தேன்.
அரை மணி நேரம்.
உதட்டை நக்கிக்கொண்டாள். கொட்டாவி விட்டாள்.
"தூக்கம் வருது பாரேன் இதுக்கு" என்றேன்.
"பயம் நைனா அது" என்றான்,
என் காதருகே குனிந்து.

மேல்தோல் அப்படி இருந்ததால்
கிளாத்தி என்று பேர் வைத்தேன்.
கூப்பிட்டால் வர மாட்டாள்.
திமிர் என்று நினைத்தேன்.
சாவு மேளமும் ஆயிரம்வாலாவுமாய்
ஊர்வலம் போன அன்று
தெருநாயெல்லாம் வண்டிக்கடியில் ஒடுங்க,
இவள் மட்டும் வெயிலில் மல்லாந்து தூங்கினாள்.
என்னா தைரியம் என்று
டீக்கடை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒரு மத்தியானம்
தூங்குகிறவளைப் பின்னாலிருந்து தடவினேன்.
கடித்துவிட்டாள்.
கடித்த பிறகு அவள் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும்.
சுவரோடு சுவராய், வால் வயிற்றுக்கடியில்,
கண்ணின் வெள்ளை மட்டும் என்னைப் பார்த்தது.

"கார்ப்பரேஷன் வண்டிக்குச் சொல்லிடு" என்றார்கள்.
நான் ஊசி போட்டுக்கொண்டு வந்து,
நசீரின் மீன்பாடி வண்டியில்
அவளை ஏற்றிக்கொண்டு வேப்பேரிக்குப் போனேன்.
வழியெல்லாம் ஐஸ்பெட்டியை மோந்தபடி
மகாராணி மாதிரி வந்தாள்.

டாக்டர் சின்னப் பெண்.
உதட்டைத் தூக்கிப் பார்த்தாள், ஈறு வெளுத்திருந்தது.
ரத்தம் எடுத்தாள். உண்ணிக் காய்ச்சல் என்றாள்.
கடித்த கதையைக் கேட்டாள்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
கிளாத்தியின் முதுகுக்குப் பின்னால்
எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள்.
வரிசையில் இருந்த ஆட்டுக்குட்டி துள்ளியது.
கூடைக்குள் யார் வீட்டுப் பூனையோ சீறியது.
கிளாத்தி என் முழங்காலை
மோந்துகொண்டே இருந்தாள்.

"இதுக்குக் காது கேட்காது.
தூக்கத்துல யாருன்னு தெரியாம பதறியிருக்கு,
கோபம் இல்ல."
இதையே அவள் எனக்கு
இரண்டாம் தடவை
சத்தமாய்ச் சொல்ல வேண்டியிருந்தது.
சொல்லிவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தாள்.
"தரையில மிதிச்சுக் கூப்பிடுங்க."

இருபத்தெட்டு நாள் மாத்திரை.
மத்திச் சதைக்குள் பொதித்துக் கொடுத்தால்
மீனைத் தின்றுவிட்டு
மாத்திரையை என் செருப்பில் துப்புவாள்.
தினமும் உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன்.
கருவாட்டு வெளுப்பிலிருந்து மெல்ல மெல்ல
அவித்த இறால் நிறத்துக்கு வந்தது ஈறு.

ராயபுரத்தில் என் அறை மரப்படி ஏறி, மரப்பலகைத் தரை.
ஒரு மிதி என்றால் வா. இரண்டு மிதி என்றால் சோறு.
டார்ச் அணைந்து எரிந்தால், நான் வந்துவிட்டேன்.
கீழ்வீட்டு எமரன்சியம்மா
விளக்குமாற்றோடு ஏறி வந்தாள்.
என்னவோ திட்டினாள்,
வாயசைவில் பாதி புரிந்தது.
நான் ஒரு மிதி மிதித்துக் காட்டினேன்.
கட்டிலுக்கடியிலிருந்து கிளாத்தி எழுந்து வந்து
விளக்குமாற்றைக் கண்டதும் திரும்பப் போய்விட்டாள்.
எமரன்சியம்மா அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

பேர் சொல்லி இப்போதும் கூப்பிடுகிறேன்.
கழுத்து மயிருக்குள் வாய் வைத்துச் சொன்னால்
கிளாத்தி என்ற வார்த்தை
அவளுக்குச் சூடான காற்று.
போதும்.

நேற்று நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தேன்.
கிளாத்தி தலையைத் தூக்கினாள்.
பாதத்தைப் பலகையில் பதித்து நின்றாள்.
கதவுவரை போய்த் திரும்பி என்னைப் பார்த்தாள்.
திறந்தேன்.
கடைசிப் படியில்
சங்கரா மீன் தலையோடு எமரன்சியம்மா.
இன்னொரு முறை மிதிக்க
ஒரு கால் அந்தரத்தில்.